சட்டைப் பையில் அடங்கிய மருந்து டின்: காஜா பேராங்கிலிருந்து தம்பின் தாண்டி

வெளிவேலைக்குப் போகிறவர்கள் என்ன மருந்து கொண்டுபோவது என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஒருத்தி காட்டில் செடி ஆராய்ச்சிக்குப் போகிறாளாம், படம் போட்டிருந்தாள். மருந்துக்கு மட்டும் ஒரு முதுகுப் பை! அதைச் சுமந்து நடந்தாலே பாதி மருந்து தேவைப்படும். நான் வெளிவேலைக்குப் போன காலத்தில் எட்டுப் பேருக்கு ஒரே டின். அதுவும் ஆம்பளைச் சட்டைப் பையில் அடங்க வேண்டும். அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன். டின்னில் எதை வைப்பது என்பது அதிலேயே வந்துவிடும். வைத்த பிறகு என்ன ஆகும் என்பதும் வரும். அதை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முந்தின வருஷம், 1956 ஆகஸ்ட் மாதம். எனக்கு இருபது வயது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் கண்ணால் பார்த்த எதுவும் என்னைவிட்டுப் போனதில்லை. அப்போது மலாக்காவில் காஜா பேராங்கில் குடியிருந்தோம். வேலை ரப்பர் ஒட்டுக்கட்டு. நல்ல பால் தருகிற மரத்துக் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு வெட்டி எடுத்து, நாற்றங்கால் கன்றின் பட்டைக்குள் செருகி, மெழுகுத் துணியால் சுற்றிக் கட்டுவது. வெட்டிச் செருகுகிறவர் ஆண். பின்னாலேயே குந்திக்கொண்டு கட்டுகிறவள் பெண். நாலு ஜோடி, மேலே ஒரு கண்ட்ராக்டர், பெயர் வேலு.

என் வீட்டுக்காரர் ஆறுமுகம் வெட்டுகிறவர். அவருக்குக் கட்டினது நான் இல்லை, பாக்கியம் என்பவள். புருஷன் பெண்சாதியை ஒரே வரிசையில் விட்டால் சண்டை போட்டுக்கொண்டு கன்றைக் கெடுப்பார்கள் என்பது வேலுவின் கண்டுபிடிப்பு. என்னை ஒரு கிழவருக்குக் கட்டப் போட்டான். அதை நான் மறக்கவில்லை.

அது அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்கு அரிசியும் மருந்தும் போய்விடக்கூடாது என்று தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. மலாக்கா பக்கம் கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சில வருஷம் ஆகியிருந்தது. தம்பின் தாண்டினால் அப்படியே இருந்தது. தம்பினுக்கு அப்பால் இதே தோட்டத்துக்கு முந்தின மாதம் வேலைக்குப் போனபோது நான்தான் ஒரு பிஸ்கட் டின் நிறைய மருந்து அடுக்கினேன். வாசலில் பிடித்துக்கொண்டார்கள். டின் ஆறுமுகம் கையில் இருந்ததால் ஒரு பகல் முழுக்க அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். இனிமேல் சட்டைப் பையில் அடங்குகிற அளவுதான், இன்னொரு தடவை மருந்தில் குளறுபடி என்றால் தடுப்புக் காவல்தான் என்று வாசல் சார்ஜன் சொல்லி அனுப்பினார். அது வெறும் மிரட்டல் இல்லை. என் சித்தப்பா மகனைச் சந்தேகத்தின் பேரில் கொண்டுபோய்ப் பதினாலு மாதம் வைத்திருந்தார்கள். ஆக, இந்தத் தடவை டின்னில் ஏதாவது கோளாறு என்றால் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரமாட்டார்.

மருந்து வாங்கப் பண்டார் ஹிலிருக்கு நடந்தே போனேன். ஒன்றேமுக்கால் மைல், முப்பத்தைந்து நிமிஷம். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், அண்ணன் என்கிற மாதிரி 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடியை நுனியில் போட்டுக்கொண்டு மேலாகப் பார்க்கிற ஆள்.

"சல்பா மாத்திரை இருபத்தி நாலு கொடுங்க நானா."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

"எங்களுக்குன்னா எந்த எங்களுக்கு?"

"ஒட்டுக்கட்டுற ஆளுங்க. தம்பினுக்கு அங்கிட்டு."

அவர் கை அப்படியே நின்றது. "பன்னண்டு தாரேன். அதுக்கு மேல கேட்டா உன் பேரை எழுதி வைக்கணும் தங்கச்சி. எழுதவா?"

"எழுத வேணாம். பன்னண்டு போதும்."

"அப்ப நீயும் என்னைப் பாக்கல, நானும் உன்னைப் பாக்கல."

எல்லாம் சேர்த்து இரண்டு வெள்ளி முப்பத்தைந்து காசு. பஞ்சு மட்டும் பழசைக் கொடுத்துவிட்டார், வீட்டில் பிரித்தால் மஞ்சள் பூத்திருந்தது. அந்தக் கடை இப்போது இல்லை. பஞ்சு எனக்கு நினைவிருக்கிறது.

டின் தட்டையான சிகரெட் டின். நாலரை அங்குல நீளம், மூன்றேகால் அகலம், முக்கால் அங்குல உயரம். வெந்நீரில் கழுவி மூன்று நாள் வெயிலில் வைத்தேன், புகையிலை வாடை போக. அடியில், பழைய வேட்டியைக் கொதிக்கவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக் கிழித்த நாடா, இரண்டு சுருள். அதன் மேல் பஞ்சு. கண் மருந்துப் புட்டி ஒன்றில் ஐயோடின், மூடியைச் சுற்றி மெழுகு. மெழுகு வைக்காவிட்டால் ஐயோடின் ஒழுகிச் சட்டையோடு மார்பையும் பழுப்பாக்கிவிடும். முள் எடுக்க ஒரு ஊசி, நூலோடு. ஊக்கு மூன்று. விரல் பருமனுக்குச் சோப்புத் துண்டு. தலைவலி மாத்திரை ஆறு ஒரு காகிதத்தில், புண்ணும் வீக்கமும் சீழ் வைக்காமல் இருக்கச் சல்பா மாத்திரை பன்னிரண்டு இன்னொரு காகிதத்தில். காகிதத்தை நாலு மூலையும் உள்ளே போகிற மாதிரி மடித்தேன். பிரித்தால் அதே மடிப்பு திரும்ப வராது. யாராவது பிரித்தால் எனக்குத் தெரியவேண்டும் இல்லையா?

அட்டைக்கடிக்கு உப்பு வைக்க முடியாது. உப்பு உணவுப் பொருள், பிடித்தால் அதற்கே ஒரு வழக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பைச் சின்னச் சிமிழில் வைத்தேன். அட்டை மேல் தொட்டால் கழன்று விழுந்துவிடும், தோல் எரியும். எரியட்டும்.

விடியற்காலை ஐந்தேகாலுக்குக் காஜா பேராங் முச்சந்தியில் லோரி ஏறினோம். எல்லோரும் வந்து, பாக்கியம் வர ஐந்து முப்பத்தைந்து. ஓடி வந்தாள், கண் சிவந்திருந்தது. "வீட்ல சண்டையா?" என்றேன். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். சண்டை போட்டவள் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. அங்கேயே மனசில் முடிச்சுப் போட்டுவைத்தேன்.

அலோர் காஜா ஆறரைக்கு. தம்பின், இருபத்து நாலு மைல், ஏழு மணிக்கு. அங்கே கோப்பியும் ரொட்டியும் ஆளுக்கு இருபத்தைந்து காசு. தின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், மிச்ச ரொட்டியை எடுத்துப்போனால் அதுவும் உணவுப் பொருள். அதற்கப்புறம் தார் ரோடு பதின்மூன்று மைல், செம்மண் ரோடு நாலு மைல். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். தோட்டத்தைச் சேரும்போது ஒன்பதேமுக்கால்.

சோதனை வாசலில் அதே மலாய்க்கார சார்ஜன், காவல்காரர்கள் நாலு பேர். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண். அந்தப் பெண் மலாக்காச் செட்டி வகையறா, பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய் பேச்சுக்கு மாறின இந்துக்கள், எங்கள் காஜா பேராங் பக்கத்துக் கம்போங், அதாவது கிராமத்துக்காரர்கள் மாதிரியே. நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், பேச்சு முழுக்க மலாய். எல்லோரும் அவளை மலாயில் அக்கா என்று பொருள்பட 'காக்' என்றே கூப்பிட்டார்கள். தமிழ் தெரியாது என்றாள். நான் நம்பவில்லை. நாங்கள் பேசுகிறபோது அவள் கண் நகர்ந்தது.

முதலில் மாட்டியது எங்கள் மெழுகுத் துணி. மூட்டை மூட்டையாகச் சுருட்டிய நாடாவைப் பார்த்துச் சார்ஜன், "இவ்வளவு கட்டுத்துணி யாருக்கு? ஒரு பட்டாளத்துக்கா?" என்றார். வேலு வியர்த்துப்போய், "மரத்துக்குத் துவான், மரத்துக்கு" என்று துரையைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லிப் பக்கத்தில் நின்ற செம்பருத்திக் கொம்பில் கட்டியே காட்டினான். சார்ஜன் செடியை ஒரு பார்வை, வேலுவை ஒரு பார்வை. "மரத்துக்கு வலிக்கிறதா என்று கேள்" என்றார். காவல்காரர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

அப்புறம் டின். சார்ஜன் அதை வாங்கி ஆறுமுகத்தின் சட்டைப் பையில் தானே வைத்து, மேல் பட்டனைப் போட்டுப் பார்த்தார். பட்டன் மாட்டிக்கொண்டது. அதனால் டின் தப்பியது. ஆனால் உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினார். நாங்கள் தங்கினது கம்பிக்குள், லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். நாற்றங்கால் கம்பிக்கு வெளியே ஒன்றரை மைல். தினம் காலை ஆறரைக்கு வெளியே, மத்தியானம் இரண்டுக்கு உள்ளே. வரும்போது டின்னைத் திறந்து பார்ப்பார்கள். எது குறைந்திருக்கிறதோ அதற்குக் காயத்தைக் காட்ட வேண்டும். காயம் இல்லையென்றால் மருந்து காட்டுக்குப் போயிற்று என்று அர்த்தம். நோட்டில் ஆறுமுகம் பெருவிரல் வைத்தார்.

இரண்டாம் நாள் ஐயோடின் குறைந்திருந்தது. காரணம் வேலு. அட்டை அவனைக் கடித்தது உட்காருகிற இடத்தில். "காயம்?" என்றார் சார்ஜன். வேலு திரும்பி நின்று கால்சட்டையைக் கொஞ்சம் இறக்கினான். "இன்னும் கொஞ்சம்" என்றார் சார்ஜன். எங்களோடு வந்த கிழவர், "கண்ட்ராக்டரே, அப்படியே ஒரு பெருவிரலும் வையுங்க" என்றார். அன்றைக்கு நான்கூடச் சிரித்தேன். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனது. அதையும் குறித்துவைத்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து அவள் நடத்தையே சரியில்லை. பத்து மணிக்கு வேலையை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது, ஓடைப் பக்கம் போவாள். தனியாக. கால் மணி கழித்து வருவாள். ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. கொளுத்துகிற வெயிலில் துண்டை மார்புக்குக் குறுக்கே போர்த்திக்கொண்டு கட்டுவாள். லயத்தில் தன் ரவிக்கையை மட்டும் இருட்டுவதற்கு முன்னே தனியாகத் துவைப்பாள். வேலை செய்யும்போது ஆறுமுகம் சட்டையைக் கழற்றிக் கம்பில் மாட்டியிருப்பார், டின்னோடு. அந்தக் கம்புக்குப் பக்கத்தில் இருப்பவள் அவள். நான் முப்பது கெஜம் தள்ளி இன்னொரு வரிசையில்.

"அவ எங்க போறா?" என்று லயத்தில் கேட்டேன்.

"ஓடைக்கு" என்றார் ஆறுமுகம்.

"அது எனக்கும் தெரியும். எதுக்கு?"

"தண்ணி குடிக்க."

"தேத்தண்ணி குடிச்சவளுக்கு எதுக்குத் தண்ணி?"

"ராசம்மா, கை வலிக்குது. தூங்க விடு."

அவர் பொய் சொன்னால் கைவலியைப் பேச்சில் இழுப்பார். நான் இரண்டு விதமாகச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அவள் ஓடைக்கரையில் காட்டு ஆட்களைப் பார்க்கிறாள். இன்னொன்று, உங்களுக்கே புரியும்.

ஐந்தாம் நாள் மத்தியானம், இரண்டு ஐந்து. அதுவரை வாசலில் டின் மூடியைத் திறந்து மேலாகப் பார்த்துவிட்டு விட்டார்கள். அன்றைக்குக் காக் காகிதத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் மடிப்பு இல்லை. பிரித்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

"யாருக்கு?" என்றார் சார்ஜன்.

"எனக்குத்தான். நான்தான் முழுங்கினேன்" என்றார் ஆறுமுகம்.

"காயம்?"

முழங்கையில் இருந்த கத்திக் கீறலைக் காட்டினார். ஆறிப்போன கீறல். சார்ஜன் அதை விரலால் தடவினார். "இதற்கா ஆறு?" என்று கேட்டுவிட்டு, போன மாதப் பக்கத்தைப் புரட்டி, பிஸ்கட் டின் எழுதியிருந்ததைக் காட்டினார். காவல்காரர் ஒருவர் ஆறுமுகத்தைப் பிடித்துக் கொட்டகையில் உட்காரவைத்தார். இன்னொருவர் டெலிபோனைச் சுற்றினார். மூன்றரைக்கு ஜீப் வரும் என்றார்கள்.

எனக்கு என் சித்தப்பா மகன் திரும்பி வந்தபோது இருந்த கோலம் கண் முன்னால் நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"அவரை விடுங்க! இவளைக் கேளுங்க. மூணு நாளா ஓடைப் பக்கம் தனியாப் போறா. சட்டைக்குப் பக்கத்துல இருக்கிறவ இவதான்" என்று பாக்கியத்தைக் காட்டினேன். மலாயிலும் சொன்னேன், எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று.

"ராசம்மா, வாயை மூடு!" என்று கொட்டகையிலிருந்து கத்தினார் ஆறுமுகம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துக் கத்தினது அதுதான் முதல் தடவை, அதுவும் எட்டுப் பேர் முன்னால், இன்னொருத்திக்காக.

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சார்ஜன் தலையசைத்தார். காக் அவளைச் சாக்குத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். பத்து நிமிஷம். ஒரே ஒரு தடவை ஒரு சத்தம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம்.

காக் வெளியே வந்து சார்ஜனிடம் மெல்லத்தான் சொன்னாள். ஆனால் வாசலில் யாரும் மூச்சுவிடவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது. குழந்தை பெற்றவள். பால் கட்டி மார்பு கல்லாகியிருக்கிறது, சிவந்து வீங்கி, தொட்டால் நெருப்பு. காய்ச்சல். மாத்திரை அதற்குத்தான். ஓடைக்குப் போனது பாலைப் பீச்சிவிட.

சார்ஜன் நோட்டில் எழுதினார், பேனாவை மூடினார், ஆறுமுகத்தை எழுந்திருக்கச் சொன்னார். ஜீப்பை வரவேண்டாம் என்று டெலிபோனில் சொன்னார்கள். ஆக, நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

வேலு முன்னால் வந்தான். "குழந்தையா? எத்தனை மாசம்?"

"நாலு" என்றாள் பாக்கியம்.

"கைக்குழந்தைக்காரி வேணாம்னு சொல்லித்தானே கூட்டியாந்தேன்? இல்லைன்னு சத்தியம் பண்ணினியே?"

"பண்ணினேன்."

"மூட்டையைக் கட்டு."

மூன்றரைக்குத் தோட்டத்து லோரி தம்பினுக்குக் கிளம்பியது. அதில் அவளை ஏற்றினார்கள். மற்ற இரண்டு பெண்களும் அவளுக்குக் கை கொடுத்து ஏற்றினார்கள். நான் தள்ளி நின்றேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரர் வந்துட்டாருல்ல? இனிமே நீயே அவருக்குக் கட்டு."

அக்கா என்று சொல்லவில்லை.

லோரி நகர்வதற்கு முன் ஒன்று நடந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். காக் கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்க்கிற மாதிரி லோரிப் பக்கம் போனாள். மிச்சமிருந்த ஆறு மாத்திரையையும் காகிதத்தோடு பாக்கியத்தின் மடியில் செருகிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்தாள். நோட்டில் எழுதவில்லை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். நான் பார்த்த அதே பாக்கியத்தைத்தான் அவளும் பார்த்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் லயத்தில் ஆறுமுகத்தைக் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணாம் நாளு கட்டுறப்ப அவ கை நடுங்குச்சு. கேட்டேன், சொன்னா. மாத்திரையை நான்தான் கொடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலு காதுக்குப் போயிரும்."

"நான் சொல்லுவேனா?"

"இன்னிக்கு யாரு சொன்னது?"

அதற்கப்புறம் நாற்பத்தொரு வருஷம் அவரோடு வாழ்ந்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் தயார்செய்துகொண்டே இருந்தேன். உன்னைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்பதுதான் பதில். அது சரியான பதில். ஆனால் அவர் மறுபடி கேட்கவே இல்லை.

மிச்ச ஏழு நாளும் அவருக்கு நான்தான் கட்டினேன். வேலு பயந்த மாதிரி சண்டை வரவில்லை. பேச்சே வரவில்லை. பாக்கியத்துக்கு மலாக்கா ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துச் சரியாயிற்று என்று கேள்விப்பட்டேன். வேலு அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. அந்தப் பேச்சு பரவியதில் வேறு கண்ட்ராக்டரும் சேர்க்கவில்லை. புக்கிட் ரம்பாய் பக்கம் யார் வீட்டிலோ துணி துவைக்கப் போனாள். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று சந்து தள்ளித்தான் கடைசிவரை இருந்தாள். கோவிலில் எதிரே வந்தால் நான் நிற்பேன், அவள் நிற்கமாட்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நின்று பேசியிருக்கலாம். பேசாததற்கு நான் அவளை மன்னிக்கவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டின் உள்ளங்கை அளவு போதும். தண்ணீர் புகாத மூடி பாருங்கள். சுத்தமான கட்டுத்துணி, ஒட்டுகிற பிளாஸ்திரி, காயம் துடைக்கிற மருந்து, முள் எடுக்கிற இடுக்கி, ஊக்கு, காய்ச்சல் மாத்திரை, சோப்பு. உங்களுக்கென்று டாக்டர் எழுதின மாத்திரை இருந்தால் அது முதலில். சல்பா மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் வேறு வழியில்லை, உங்களுக்கு மூலைக்கு மூலை கிளினிக் இருக்கிறது. பால் கொடுக்கிற பெண் வெளிவேலைக்கு வந்தால், பீச்சுவதற்கு இடமும் நேரமும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே அனுப்புங்கள். டின்னைக் குறைவாகப் பேசுகிற ஆளிடம் கொடுங்கள். எண்ணிக்கொண்டே இருக்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள். நான் இப்போதும் எண்ணுகிறவள்தான். பல பேர் போகிற வேலைக்கு டின்னை என்னிடம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களில் யாராவது டின்னைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு மறைவாகப் போனால், எது குறைந்தது என்று பார்க்காதீர்கள். என்ன வலி என்று தனியாகப் போய்க் கேளுங்கள். சொல்லாவிட்டால் விடுங்கள். எனக்கு அது வரவில்லை. உங்களுக்கு வரலாம்.